மூன்றாம் ஆண்டுப் பிரம்மதேவர்

கல்லூரி விடுதிகளில் பேனாவைத் தொடுகிற பிள்ளைகள் பல திறத்தினர். ஆறு வரியில் காதற்கவிதை எழுதி, அதை உரியவளைத் தவிர மற்றெல்லாருக்கும் படித்துக் காட்டுகிறவன் ஒருவன். ஆண்டு மலருக்குத் தேச முன்னேற்றத்தைப் பற்றி ஒரு வியாசமும், அதைவிடச் சிரத்தையாக எடுத்துக்கொண்ட தன் புகைப்படம் ஒன்றும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன் மற்றொருவன். குறும்படத்துக்குக் கதை பண்ணுவதாகச் சொல்லி இரவெல்லாம் டீக்கடை பெஞ்சில் வாசம் செய்பவன் இன்னொருவன். இவர்களெல்லாரும், ஆண்டவன் ஏற்கெனவே சிருஷ்டித்து வைத்திருக்கிற உலகமே தங்களுக்குப் போதும் என்று திருப்தியடைந்துவிட்ட எளிய ஜீவன்கள். நான் சொல்ல வந்த மகாநுபாவன் அப்படிப்பட்டவன் அல்லன். அவனுக்குத் தனியாக ஒரு பூமி வேண்டும்; அந்தப் பூமிக்கு இரண்டு சந்திரன்கள் வேண்டும்; ஏழு ராஜ்யங்களும், அவற்றுக்குள் தீராப் பகையும், அந்தப் பகையைத் தீர்த்து வைக்க எட்டுப் பாகங்களில் ஒரு மாயாஜால நாவலும் வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றில் மெக்கானிகல் மூன்றாம் ஆண்டு படிப்பது, இத்தனைக்கும் நடுவே அவன் ஓய்வுநேரத்தில் செய்கிற காரியம்.

இவ்வகையினரை அடையாளம் காண்பது சுலபம். முதலாண்டில் எஞ்சினியரிங் டிராயிங் வகுப்புக்காகப் பெற்றோர் வாங்கிக் கொடுத்த டிராஃப்டரை, பரீட்சை முடிந்த மறுநாளே மற்றப் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டோ ஜூனியர் தலையில் பாதி விலைக்குக் கட்டிவிட்டோ கை கழுவிக்கொள்ள, மூன்றாம் ஆண்டிலும் அதை எவன் மேஜையில் மாட்டிவைத்துக்கொண்டு நள்ளிரவில் கோடு இழுக்கிறானோ அவனே இவன். அவன் வரைவது யந்திரத்தின் குறுக்குவெட்டுத் தோற்றமன்று. தன் சாம்ராஜ்யத்தின் தேசப்படம். நாவலின் முதல் அத்தியாயம் இன்னும் முடிந்தபாடில்லை என்றாலும், படம் சுவரில் ஏறிவிட்டது.

அந்தப் படத்தின் ஆதிப் பிரதியில், பெரிய நதி ஒன்று கடலோரத்துச் சதுப்பில் பிறந்து, சமவெளியைக் கடந்து, மலையுச்சியில் போய் முடிந்தது. சிவில் படிக்கும் அறைத்தோழன் ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, “மாப்ள, தண்ணி மேட்டுக்கு ஏறாதுடா” என்றான். அது முனிவர் ஒருவரின் சாபம் பெற்ற நதி என்று இவன் சற்றும் தயங்காமல் விடை கூறிவிட்டானாயினும், அன்றிரவு அவனுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பிழைதோறும் ஒரு சாபத்தைக் கொண்டு மூடிக்கொண்டே போனால் கடைசியில் முனிவர்களுக்குப் பஞ்சம் வந்துவிடும் என்ற நியாயம் விடியற்காலையில் அவனுக்குப் புலப்பட்டது. நதியைத் திருப்பினான். நதி திரும்பியதும் துறைமுகம் இடம் மாறிற்று; துறைமுகம் மாறவே வணிகர் வீதி காலியாயிற்று; வணிகர் வீதியில் பிறந்து வளர்ந்திருந்த கதாநாயகன், பிறந்த ஊர் இன்னதென்று சொல்லிக்கொள்ள வழியில்லாமல் ஒரு வாரம் அந்தரத்தில் நின்றான்.

இத்தகைய பிள்ளைகளைக் குறித்து, இவர்கள் நிஜ உலகத்தின் பொறுப்புகளுக்கு அஞ்சிக் கற்பனைக்குள் ஓடி ஒளிகிறவர்கள் என்று பெரியோர் அபிப்பிராயம் சொல்வதுண்டு. என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. ஒளிந்துகொள்ளப் போன இடத்தில்தான் உலகம் அவனை வழிமறித்துக் கணக்குக் கேட்கிறது. வெறும் அழகுக்காக வானத்தில் இரண்டாவது சந்திரனை ஏற்றி வைத்தவன், கடலில் ஓதம் ஏறுவதும் வடிவதும் சந்திரனின் ஈர்ப்பினால் நிகழ்கிற காரியம் என்ற பள்ளிக்கூடத்துப் பாடம் ஞாபகத்துக்கு வந்த கணத்திலேயே, இரண்டு சந்திரன்களும் ஒரே திசையில் கூடுகிற நாட்களில் கரையோரத்து மீனவர் குப்பங்கள் என்ன ஆகும் என்று கவலைப்படத் தொடங்கிவிட்டான். அமாவாசை எது, மாதப் பிறப்பு எது, பெரிய சந்திரனைப் பார்த்து விரதம் இருப்பவர்களும் சிறிய சந்திரனைப் பார்த்து விரதம் இருப்பவர்களும் ஒரே வீட்டில் சம்பந்தம் செய்துகொண்டால் முகூர்த்தம் எப்படிக் குறிப்பது என்பன போன்ற விசாரங்கள் அவனை வாட்டின. மெஸ் பில்லில் தன் பாக்கி எவ்வளவு என்பதை அறிய ஒருநாளும் ஆசைப்படாதவன், படையெடுத்துச் செல்லும் பதினாயிரம் வீரருக்கு ஆளுக்கு அரைக் கிலோ அரிசி என்றாலும் நாளொன்றுக்கு ஐந்து டன் ஆகிறதே, அதை இழுக்க எத்தனை வண்டி, வண்டி மாடுகளுக்கு எத்தனை வைக்கோல் என்று தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

இந்தச் சிரத்தையின் சிகரம் என்று சொல்லத்தக்க சம்பவம், அவன் அரியர் வைத்திருக்கிற ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் நடந்தது. கடைசி பெஞ்சில் யோகநித்திரையில் இருப்பதே வழக்கமாகக் கொண்டவன், அன்று எழுந்து நின்று, “சார், ஒரு ஆளைச் சுமந்துகிட்டு ஒரு மயில் பறக்கணும்னா, அதோட றெக்கை எவ்வளவு அகலம் இருக்கணும் சார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, வாத்தியார் சிரிக்கவில்லை. பல்லாண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்தி, இது பரீட்சைக்கு வருமா என்பதைத் தவிர வேறு கேள்வியையே செவியுறாதிருந்த அந்தப் புண்ணியவான், உருவத்தை இரு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்கும் உடலின் எடை எட்டு மடங்கும் ஆகிவிடுகிற விபரீதத்தைப் பலகை நிறைய எழுதி விளக்கி, மணி அடித்த பின்னும் விடாமல், ஆளில்லா விமானம் செய்வதில் பையனுக்கு நாட்டம் இருப்பதாகத் தாமே தீர்மானித்து, அவனை ஒரு மினி புராஜெக்டுக்குத் தலைவனாகவும் நியமித்துவிட்டார். மயிலோ, எட்டு மடங்கு எடையைத் தாங்கமாட்டாமல், இரண்டாம் அத்தியாயத்துக்கான குறிப்புகளிலேயே தரையில் அமர்ந்துவிட்டது.

திருத்தக்கதேவர் இவ்வளவு தூரம் கஷ்டப்படவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சீவக சிந்தாமணியில் சச்சந்த மன்னன் தன் தேவிக்காக மயிற்பொறி ஒன்று செய்விக்கிறான். வலப்புறம் திருகினால் மேலே ஏறும், இடப்புறம் திருகினால் கீழே இறங்கும் என்ற அளவோடு யந்திர சாஸ்திரத்தை முடித்துக்கொண்டு, கவி மேலே நடந்துவிடுகிறார், விசயை அதில் ஏறிப் பறந்து மயானத்தில் இறங்குகிறாள், சீவகன் பிறக்கிறான், காவியமும் நடக்கிறது. இதை அவனிடம் எடுத்துச் சொன்னேன். மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டு, “அந்தத் திருகாணி எந்த உலோகம்னு போட்டிருக்குங்களா ஐயா?” என்றான்.

அவனுடைய ஆனந்தங்களும் சாமானியமானவை அல்ல. வார்டன் விளக்கணைக்கச் சொல்லிப் போன பிறகு, போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் ஒரு ராஜவம்சத்தை வேரோடு அழிக்கிற சுகம், பகலில் எவரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லத் துணியாத பிள்ளைக்கு வேறு எங்கே கிடைக்கப் போகிறது! விடுதியில் உள்ளோர் எல்லாரும் அவனுடைய பிரஜைகள். அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கடன் கொடுத்த அறைத்தோழன், அந்த வாரமே வடதிசைச் சேனாபதியாகப் பட்டம் பெற்றான். அவன் பணத்தைத் திருப்பிக் கேட்ட இரவில் சேனாபதி குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தான். வில்லனாகிய மந்திரவாதிக்கு, மூன்றாம் செமஸ்டரில் கணிதம் நடத்தியவரின் மூக்குக் கண்ணாடியும் கனைப்பும் வாய்த்திருப்பது தற்செயல் என்று அவன் சத்தியம் செய்கிறான். கதாநாயகியைப் பற்றி நான் விசாரிக்கவில்லை, ஆனால் இ.சி.இ. வகுப்பு விடுகிற நேரத்தில் அவன் படிக்கட்டருகே நின்று, பாத்திர வர்ணனைக்குக் குறிப்பெடுப்பதாகக் கேள்வி.

பெரிய எழுத்தாளர்களின் சரித்திரத்தை அவன் கரைத்துக் குடித்திருக்கிறான். அது அவனுக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, விஷமாகவும் இருக்கிறது. மேரி ஷெல்லி தம் பதினெட்டாம் வயதில், 1816-இல், ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ கதையைத் தொடங்கினார் என்று படித்த நாளில், தனக்கு இருபது நடப்பதை எண்ணி அவன் இரவுச் சாப்பாட்டைத் தியாகம் செய்தான். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராயிருந்த டோல்கீன், மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு பிள்ளை எழுதாமல் விட்டிருந்த பக்கத்தில் மனம் போனபடி ஒரு வாக்கியத்தை எழுதி வைக்க, அந்த ஒரு வாக்கியமே வளர்ந்து 1937-இல் ‘ஹாபிட்’ என்ற நூலாயிற்று என்ற வரலாறு மட்டும் அவனுக்கு மிகவும் உவப்பானது. பக்கத்தை எழுதாமல் விட்ட அந்தப் பெயரறியாப் பையனே இலக்கியத்துக்கு மூலபுருஷன் என்பது அவன் சித்தாந்தம். சித்தாந்தத்தோடு நின்றுவிடவில்லை, கணிதப் பரீட்சையில் அவனும் பக்கம் பக்கமாக விட்டுவிட்டுத்தான் வந்தான். திருத்தியவர் அவற்றில் ஏதும் எழுதியதாகத் தெரியவில்லை. முதற் பக்கத்தில் எழுதிய எண் மாத்திரம் அரியராக வந்து சேர்ந்தது.

கல்கியைப் பற்றிப் பேசினால் அவன் மௌனமாகிவிடுவான். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தவறாமல் ‘பொன்னியின் செல்வன்’ எழுதி ஐந்து பாகங்களையும் முடித்த மனிதரோடு, முதல் அத்தியாயத்தையே மீண்டும் மீண்டும் பிறப்பிக்கிறவன் எப்படிப் பேச்சைத் தொடருவான்? அவருக்குப் பின்னால் அச்சு யந்திரம் காத்திருந்தது. இவனுக்காகக் காத்திருப்பது ரெக்கார்டு நோட்டு ஒன்றே. சரஸ்வதி தேவியும் ஓரவஞ்சனை செய்கிறாள் என்பது அவன் குறை. பாடமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை அழைத்தாலும் வராதவள், மறுநாள் செமஸ்டர் பரீட்சை என்றால் முந்தின இரவு பதினொரு மணிக்குச் சர்வாலங்கார பூஷிதையாக வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறாளாம்.

சென்ற ஸ்டடி ஹாலிடேஸில் அவன் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் உள்ள தன் அம்மாயி வீட்டுக்குப் படிக்கப் போனான்; அதாவது, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். அவனுக்குச் சிறு வயதில் சோறூட்டும்போதெல்லாம் அரக்கர்களையும் சேர்த்து ஊட்டியவள் அந்த அம்மாயிதான். திண்ணையில் படத்தை விரித்து, ஏழு ராஜ்யங்களின் எல்லைகளையும், வரிவிதிப்பு முறையையும், இரட்டைச் சந்திர பஞ்சாங்கத்தையும், மந்திர சக்தி செலவாகிற விகிதத்தையும் அவன் அன்று மாலை முழுவதும் விளக்கினான். அம்மாயி அவரைக்காய் ஆய்ந்துகொண்டே அத்தனையும் கேட்டாள். கடைசியில், “எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. அந்த மந்திரவாதி உசுரு எதுக்குள்ள இருக்குது?” என்று கேட்டாள்.

அவனிடம் பதில் இல்லை. வரிவிதிப்பில் அதற்கு இடமில்லை, பஞ்சாங்கத்திலும் இல்லை.

“அதச் சொல்லாம என்னடா கதை?” என்று சொல்லிவிட்டு, அவரைக்காயை ஒதுக்கிவைத்து, அவளே ஆரம்பித்தாள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் ஒரு கிளி. அந்தக் கிளியின் கழுத்திலே அரக்கனுடைய உயிர். இளவரசன் முதற் கடலைத் தாண்டினான், இரண்டாவதையும் தாண்டினான். ஐந்தாவது கடல் வரைக்கும் வாயைத் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்த பேரனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “அம்மாயி, ஆளில்லாத அந்தக் காட்டுல அத்தனை வருஷமா அந்தக் கிளி என்னத்தத் தின்னுட்டு இருந்துச்சு?” என்று கேட்டே விட்டான்.

அம்மாயி கண நேரமும் யோசிக்கவில்லை. “கோவப்பழம்” என்று சொல்லிவிட்டு, இளவரசனை ஆறாவது கடலில் இறக்கினாள்.