வலியறிதல்: படியிறங்குவோர் பொருட்டு ஓர் ஆராய்ச்சி

திருவள்ளுவர் தம் நூலின் 48-ஆம் அதிகாரத்துக்கு ‘வலியறிதல்’ என்று பெயர் சூட்டியபோது, வலி என்னும் சொல்லுக்குப் பலம் என்ற பொருளையே கருதினார் என்பது உரைகாரர்கள் கண்ட முடிபு. அவர்களுள் ஒருவரேனும் ஓராண்டு ஓய்வுக்குப் பின் ஒரே மூச்சில் நாற்பது பஸ்கி போட்டுவிட்டு, மூன்றாம் நாட் காலையில், லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து பால் பாக்கெட் வாங்க இறங்கியிருப்பாரேயாயின், அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டென்பதைக் கைப்பிடிச் சுவரைத் தழுவியபடியே ஒப்புக்கொண்டிருப்பார். செயலின் பலம், தன் பலம், பகைவனின் பலம், துணைவனின் பலம் ஆகிய நான்கையும் எடைபோட்ட பின்னரே ஒரு காரியத்தில் இறங்குக என்பது அவ்வதிகாரத்தின் உபதேசம். முதல் மூன்றையும் நான் எடைபோடவில்லை. நான்காவது, மேற்படி கைப்பிடிச் சுவர். இதனை அடுத்துக் காலமறிதல், இடனறிதல் என்ற இரண்டு அதிகாரங்கள் நிற்பதும் வெறும் தற்செயலன்று என்பது போகப் போக விளங்கும்.

ஆராய்ச்சிக்குக் களம் எம்.கே.பி. நகர். பஸ்ஸின் நெற்றியில் மூன்றெழுத்தாகச் சுருங்கி ஓடும் இப்பெயரை விரித்தால் மகாகவி பாரதி நகர் என்றாகும். தம் புதிய ஆத்திசூடியின் ஐந்தாவது கட்டளையிலேயே தேகத்தைத் திடப்படுத்திக்கொள்ளச் சொன்ன கவியின் பெயர் தாங்கிய நகரில், அதுவும் குத்துச்சண்டைக்குச் சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரை வகுத்துக்கொண்ட வடசென்னையில் வசித்துக்கொண்டு, ஒருவன் தொந்தியோடு உலவுவது ஸ்தல தர்மத்துக்கே விரோதம் என்ற எண்ணம் ஆண்டுக்கொரு முறையேனும் எழவே செய்யும். (கேரம் பலகையின் முன் அமர்ந்தபடியே உலகப் பட்டம் வென்று, 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயமும் சென்னைக்காரரே என்பதை அத்தருணத்தில் எவரும் நமக்கு நினைவூட்டுவதில்லை.) இவ்வெண்ணம் ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் எழுந்த சந்தர்ப்பமும் உண்டு. தொற்றுநோயின் பொருட்டு 2020 மார்ச்சில் அடைக்கப்பட்ட உடற்பயிற்சிக் கூடங்கள் தமிழ்நாட்டில் அவ்வாண்டு ஆகஸ்டு 10 அன்று மறுபடியும் திறந்தன. ஆகஸ்டு 12 அன்று நாற்காலியை விட்டு எழ மாட்டாமல் தவித்தவர் எத்தனை பேர் என்பதை அரசாங்க கெஜட் பதிவு செய்யவில்லையாயினும் அனுமானப் பிரமாணத்தால் அறிந்துகொள்ளலாம்.

என் சோதனையை விவரிக்கிறேன். எங்கள் தெருக்கோடி ஜிம்மின் மாஸ்டர் என் மகன் வயதுப் பிள்ளை. “இன்னிக்குப் பத்து போதும் சார், மீதி அப்பால பாத்துக்கலாம்” என்று தன்மையாகத்தான் தடுத்தார். ஆனால் இடைவெளிக்குப் பின் திரும்புகிறவன் தன் உடம்பை அழைத்துக்கொண்டு வருவதில்லை. விட்டுப்போன நாளின் ஞாபகத்தை அழைத்துக்கொண்டு வருகிறான். அந்த ஞாபகத்துக்கு நாற்பது வரை எண்ணத் தெரிந்திருந்தது.

இனிக் காலம். தடுக்கி விழுந்தால் அக்கணமே வலிக்கிறது. கதவிடுக்கில் விரல் அகப்பட்டால் அலறுவதற்கு அவகாசமும் கேட்பதில்லை. இந்த வலி ஒன்றுதான், செய்தவனைக் கெட்டிக்காரன் என்று ஓர் இரவு முழுதும் நம்பவிட்டு, மறுநாள் மெல்லக் கதவைத் தட்டி, இருபத்துநான்கு மணிக்கும் எழுபத்திரண்டு மணிக்கும் இடையே, பெரும்பாலும் நாற்பத்தெட்டாம் மணியை ஒட்டி, உச்சத்தை அடைகிறது. நாற்பத்தெட்டாம் அதிகாரம், நாற்பத்தெட்டாம் மணி என்ற ஒற்றுமை புலப்பட்டபோது நான் புளகாங்கிதம் அடைந்தேன். அதைக் குறித்துவைக்க எடுத்த பேனா தரையில் விழுந்துவிட்டதும், குனிந்து எடுக்க இயலாமற் போனதும் வேறு விஷயம்.

இதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் சதையில் தேங்குவதே என்பது மாஸ்டர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லாரும் உரைக்கும் பூர்வபட்சம். அது நிலைபெறாது. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் தணிந்துவிடுகிறது. திங்கட்கிழமை வந்து திங்கட்கிழமையே ஊர் திரும்பிய விருந்தாளியின் மீது புதன்கிழமை நடந்த களவைச் சுமத்துவது நியாயமாகாது. 1983-இல் அமெரிக்காவில் சிலரைச் சமதரையிலும் சரிவிலும் ஓடவிட்டுச் சோதித்தபோது, சமதரையில் ஓடியவர்க்கு அமிலம் ஏறிற்று, வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்க்கு அமிலம் ஏறவில்லை, வலி வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே, 1902-இல், தியோடர் ஹஃப் என்ற உடலியல் அறிஞர் விரற் சதைகளைக் களைப்புறச் செய்து ஆராய்ந்து, உள்ளே நுண்ணிய கிழிசல் நேர்வதே மூலம் என்று ஊகித்திருந்தார். கிழிந்ததைத் தைக்க உடம்பு ஆட்களைத் திரட்டி வந்து சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கிறது. அந்த வேலையின் சந்தடியே வலி.

இடமும் இதனால் விளங்கிற்று. சதை சுருங்கிப் பாரம் தூக்கும்போது அவ்வளவாகச் சேதமில்லை. நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் நைந்துபோகிறது. பஸ்கியில் எழுவதைவிட உட்காருவதே குற்றவாளி. தண்டனை அனுபவிக்கும் இடங்களும் அவ்வாறே அமைகின்றன: பஸ்ஸில் ஏறலாம், இறங்குவது கடினம், மாடி ஏறலாம், இறங்குவது கடினம், தரையோடு பதித்த கழிப்பறையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையில் விரித்தெழுதுதல் கௌரவமன்று. ஆதலின் நான் படிகளில் முதுகு காட்டிப் பின்புறமாக இறங்கும் முறையைக் கைக்கொண்டேன். “இன்னா சார், ரிவர்ஸ் கியரா?” என்று இரண்டாம் மாடிச் சிறுவன் வினவினான். சாஸ்திரம் அறியாப் பருவம்.

பரிகாரங்களில் நீட்டி நிமிர்த்தும் பயிற்சிக்குப் புகழ் மிகுதி, பயன் சொற்பம். பிடித்துவிடுவதால் ஓரளவு தணியும். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிப் பின்னர் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனம், சதையைத் தைப்பதில்லையாயினும், தன் சில்லிப்பால் வலியின் கவனத்தைத் திசை திருப்புகிறது. குடும்பத்தார் கவனத்தை அதைவிட நன்றாகவே திருப்புகிறது. கொள்ளு ரசம் ருசியாக இருந்தது. எல்லாவற்றினும் மேலானது மெல்ல நடப்பதுதான், ஆனால் அது படியிறங்கிய பிறகே சாத்தியம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் ஆராய்ச்சியை மூடிவைத்துவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் வேறு வியாதி, வேடிக்கையன்று.

ஒரு முறை நைந்து தேறிய சதை, பிறகு சில வாரங்கள் வரை அதே வேலைக்கு அவ்வளவாக நோவதில்லை என்பதும் நிரூபணமான உண்மை. பிள்ளையாருக்கு நாள்தோறும் தோப்புக்கரணம் போடுவோர் இத்துன்பம் அறியார். இதற்கு இன்னும் வலுவான சான்று எங்கள் படிக்கட்டிலேயே கிடைத்தது. அன்று நான் புறமுதுகு காட்டி இரண்டாம் மாடித் திருப்பத்தை அடைந்தபோது, அறுபது வயதைத் தாண்டிய எதிர்வீட்டு அம்மா, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக என்னைக் கடந்து மேலே போனார். நான் முதல் மாடியை எட்டுமுன் வெறுங்குடங்களோடு மறுபடியும் என்னைக் கடந்து கீழே போனார். “உங்களுக்குத் தொடை வலிக்காதா அம்மா? கடைசியாக எப்போது இடைவெளி விட்டீர்கள்?” என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

“அப்புறம் சொல்றேன் சார், தண்ணி லாரி பூடும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.