செமினியில் இருந்தபடியே சுயாதீனப் பாடகருக்கு ரசிகராவது எப்படி?

சினிமாப் பாட்டுக்கு ரசிகராக இருப்பதற்குத் திறமை எதுவும் வேண்டாம். ராகா வானொலியைத் திருப்பினால் போதும், பாட்டு தானாக வந்து காதில் விழும். சுயாதீனக் கலைஞருக்கு ரசிகராவது அப்படியல்ல. அவர் தம் பாட்டைத் தாமே எழுதி, தாமே மெட்டுக் கட்டி, தாமே பாடுகிறவர். அடுத்த பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் தாமே முடிவு செய்துவிடும் அபாயம் அவரிடம் உண்டு. அதைத் தடுத்து நிறுத்துவதுதான் ரசிகரின் தலையாய கடமை.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் அறிவைப் பரிந்துரைப்பேன். அரக்கோணத்துக்காரர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவோடு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியவர். கானா, ஒப்பாரி, பறை, ராப் எல்லாம் அவர் பாட்டில் கலந்து வரும். நாட்டுப்புறப் பாடகர் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் வாதாடலாம். வாதாட இடமில்லாத கலைஞரைத் தேர்ந்தெடுத்து ஒரு பயனும் இல்லை.

ஆள் கிடைத்தாயிற்றா? இனி, அவரை எல்லாருக்கும் முன்பே உங்களுக்குத் தெரியும் என்று நிறுவ வேண்டும். பாடகி தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச் 7 அன்று வெளிவந்தது. அப்போது இங்கே மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். வீட்டுக்குள் அடைந்து கிடந்த தாமான் மொத்தமும் டிக்டாக்கில் அதற்கு ஆடியது. ஆகவே அந்தத் தேதிக்குப் பிறகு ரசிகரானவர்களுக்கு மதிப்பில்லை. மாமாக் கடையில் தம்பி ஒருவன் கைப்பேசியைத் தே தாரேக் கிளாஸில் சாய்த்துவைத்து, “அண்ணே, இந்தப் பாட்டக் கேட்டுப் பாருங்களேன்” என்றால், திரையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “அவர காஸ்ட்லெஸ்ல இருந்தப்பவே கேட்டாச்சுலா” என்று சொல்லுங்கள். கீழ்ப்பாக்கத்துக்கு நேரில் போனதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், கடப்பிதழைக் காட்டச் சொல்கிற நண்பர்கள் உண்டு.

அடுத்தது “பழைய மாதிரி இல்லை” என்று சொல்லக் கற்றுக்கொள்வது. எது பழையது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அது வருடா வருடம் நகர வேண்டும். 2019-இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ தொகுப்பு வந்தபோது, குழுவில் இருந்த சூடு இதில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ‘மாஸ்டர்’ படத்துக்கு ‘வாத்தி ரெய்டு’ எழுதிப் பாடியபோது, தெருக்குரல் தெருவை விட்டுப் போய்விட்டதே என்று பெருமூச்சு. ‘எஞ்சாமி’ வந்ததும், கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு ஆட வைக்கிறாரே என்று வருத்தம். 2024-இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ வந்தபோது, ‘எஞ்சாமி’யில் இருந்த எளிமை எங்கே என்று கேள்வி. ‘கூலி’ படத்தில் ரஜினிக்கும் எழுதிவிட்டார், இனி உங்களுக்குப் பேச்சுப் பஞ்சமே இல்லை. கவனியுங்கள்: ஒவ்வொரு முறையும் நீங்கள் ஏங்குவது போன முறை நீங்களே திட்டிய பாட்டுக்காகத்தான். இதை யாரும் கவனிக்க மாட்டார்கள், அவர்களும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள்.

இதற்கு உலக அளவில் முன்னோர் இருக்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம். பாப் டிலன் 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் மின்கிதாரோடு மேடையேறினார். கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் மான்செஸ்டரில், முதல் பாதியில் தனியாகப் பாடியவர் இரண்டாம் பாதியில் இசைக்குழுவோடு வந்ததும், கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” என்று கத்தினார். பின்னாளில் ‘கத்தியது நான்தான்’ என்று உரிமை கொண்டாட ஒருவருக்கு மேல் கிளம்பினார்கள். டிலனுக்கு 2016-இல் இலக்கிய நோபல் கிடைத்தது. கத்தியவருக்கும் வரலாற்றில் இடம் கிடைத்தது. நமக்கும் அவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான், அவர் டிக்கெட் வாங்கியிருந்தார்.

இனி வருவது செமினிக்காரர்களுக்கென்றே உள்ள வசதி. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அந்த வாழ்க்கையிலிருந்துதான் ‘எஞ்சாமி’ கிளம்பியது. நமக்கோ தோட்டம் சொந்தக் கதை. இன்றைக்கு வாயிற்கதவும் பாதுகாவலரும் வைத்து இரட்டை மாடி வீடு விற்கிற இடங்களில் ஒரு காலத்தில் பால்மரமும் செம்பனையும் நின்றன. ரிஞ்சிங் தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளி இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. ஆகவே விவாதம் முற்றும்போது, “எங்க பாட்டியும் தோட்டம்தான், விடியக் காலையில பெரட்டுக்கு நின்னவங்க” என்று ஒரு வரி போட்டால் போதும், எதிராளி வாயை மூடிக்கொள்வார். தேயிலைக்கும் ரப்பருக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே கிளற வேண்டாம்.

ஆனால் எந்தச் சூழ்நிலையிலும் அந்தப் பாட்டியைப் பாடச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கொள்கை அங்கேயே உடைந்துபோகும். செத்த வீட்டில் ஒப்பாரி வைத்த கிழவி யாரையாவது உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். “அசல் பாட்டு எது பாட்டி?” என்றால் அவருக்குக் கேள்வியே புரியாது. செத்தவர் லாரி ஓட்டியவர் என்றால் பாட்டில் லாரி வரும். மண்டோராக இருந்தவர் என்றால் அவர் கைப்பிரம்பு வரும். மூத்த மகன் துபாயிலிருந்து வந்து சேரவில்லை என்றால் அதற்கும் ஓர் அடி, அவன் காதில் விழுகிற மாதிரி. தஞ்சாவூர் வயலில் பிறந்த மெட்டில் கப்பலையும் கங்காணியையும் ஏற்றியவர்கள் இவர்கள்தாம். சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர்களையும் பாட்டில் வைத்தார்கள். வானொலி வந்த பிறகு சினிமா மெட்டும் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தது, யாரும் அதற்காகத் தண்டல் வைத்து விசாரிக்கவில்லை. முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தேடித் தொகுத்துத் தந்த தோட்டத்துப் பாடல்களைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும். அதனால் புரட்டாதீர்கள். நாட்டுப்புறப் பாட்டு என்றால் அசையாமல் நிற்பது என்ற நம்பிக்கை இருந்தால்தான், அறிவு பக்கத்தில் டிரம்ஸ் வைத்ததற்கு நீங்கள் கோபப்பட முடியும்.

கோபத்துக்கு இன்னொரு வாய்க்கால், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் கேள்வி எழுப்பினார். 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே ‘எஞ்சாமி’ ஒலித்தது. அவர் தம் உழைப்பைப் பற்றி எழுதினார். பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். நீங்கள் மூன்று அறிக்கைகளையும் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள், ஒரு தரப்பை எடுத்துக்கொண்டு கஜாங் முனை வரை கேட்கிற மாதிரி பேசுங்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்குக் காசே வரவில்லை என்று வீடியோவில் சொன்னபோது, கலைஞனின் வயிற்றில் அடிக்கிறார்களே என்று நீங்கள் கொதித்திருப்பீர்கள். நியாயம்தான். கொதிக்கிறபோது உங்கள் கைப்பேசியில் ஓடுகிற பாட்டின் நடுவே விளம்பரம் வந்து, இலவசக் கணக்கு என்பதைக் காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கச்சேரிக்குப் போவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: போகக்கூடாது. செமினியில் ரயில் இல்லை, எம்ஆர்டி கஜாங்கோடு நின்றுவிட்டது, புக்கிட் ஜாலில் போனால் கார் நிறுத்தவே பாதிக் கச்சேரி முடிந்துவிடும். இவையெல்லாம் போதவில்லை என்றால் “வீட்ல தண்ணி இல்லை” என்று சொல்லலாம். செமினி ஆற்றில் நாற்றம் அடித்துச் சுத்திகரிப்பு நிலையத்தை மூடுகிறபோதுதான் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு நம் ஊர்ப் பெயரே ஞாபகம் வருகிறது, ஆகையால் எல்லாரும் நம்புவார்கள்.

உள்ளூர்க் கலைஞர்களை எப்படி நடத்துவது என்பதில்தான் தேர்ந்த ரசிகர் தனித்துத் தெரிவார். சென்னை நண்பர் யாராவது தமிழ் ராப்பை அவர்கள்தான் கண்டுபிடித்ததாகப் பேசினால், உடனே யோகி பி-யையும் நட்சத்திராவையும் எடுத்து வீசுங்கள். 2006-இலேயே அவர்களின் ‘வல்லவன்’ தொகுப்பு வந்தாயிற்று, ‘மடை திறந்து’ கேட்டிருக்கீங்களா என்று மார்தட்டுங்கள். அதே வாரம் உங்கள் தாமான் பையன் ஒருவன் உறுமியையும் கிதாரையும் வைத்துச் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, பிரிக்பீல்ட்ஸில் சின்னதாக ஒரு மண்டபம் எடுத்துப் பாடப் போகிறான் என்று வாட்சப்பில் சுவரொட்டி வரும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்புங்கள். பிறகு தனியாக, “தம்பி, ரெண்டு பாஸ் கிடைக்குமா?” என்று கேளுங்கள். அவன் கொடுத்தாலும் போகாதீர்கள்.

இந்த வழிகாட்டியை ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அதனால் கடைசி யோசனையை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் பாடுகிற நாளில் காசு கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். போன வருடம் பாடியதையே மறுபடி பாடச் சொல்லிக் கத்தாமல், புதுப் பாட்டை முழுசாகக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் கச்சேரி முடிந்ததும் நேரில் போய்ச் சொல்லுங்கள். டிக்கெட் வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு.