கையும் டேப்புமாக ஒருவர்

பெங்களூரில் இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து மீட்டர் இஞ்ச் டேப் இருக்கும். நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோய்ப் பால் காய்ச்சக் கூப்பிட்டால், வந்தவர்கள் எல்லாரும் சமையலறையையும் பூஜை அலமாரியையும் எட்டிப் பார்ப்பார்கள். இவர் மட்டும் ஹாலில் மண்டி போட்டு உங்கள் சோபாவின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டிருப்பார். "அடியில எலாஸ்டிக் பெல்ட்தான் போட்டிருக்கான். ரெண்டு வருஷத்துல தொய்ஞ்சிடும்" என்று வாழ்த்திவிட்டுப் பாலைக் குடிப்பார்.

இவர் வீட்டில் சோபா கிடையாது.

பெயர் எதற்கு, நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். ஊர் கும்பகோணம் பக்கம், உத்தியோகம் சாஃப்ட்வேர், ஜாகை பி.டி.எம். லேஅவுட்டில் மூன்றாவது மாடி. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. அதில் வாசற்கதவு திறந்து மூட மூன்றடி, பால்கனிக்குப் போகிற வழி இரண்டரை அடி. டிவி, செருப்பு ஸ்டாண்டு, இன்வெர்ட்டர் எல்லாம் அங்கேதான். மிச்சமிருக்கும் இடத்தில் ஏழடிக்கு மூன்றடியில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றைப் போட வேண்டும். போடலாம். போட்ட பிறகு அந்த மூன்று பேர் உள்ளே வருவதுதான் கஷ்டம்.

சோபா எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று பார்க்க, தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், விஷயம் தெரிந்தவர்களும் அதைத்தான் செய்யச் சொல்வார்கள். ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிய்த்துப் போடச் சொல்வார்கள். இங்கே அது குடியிருக்க வந்துவிட்டது. வேலைக்கு வரும் அம்மா கோட்டைச் சுற்றிப் பெருக்குகிறார். வருகிறவர்கள் அதை மிதிக்காமல் ஓரமாக நடந்துபோய், எதிரில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, இல்லாத சோபாவைப் பார்த்தபடி காபி குடிக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த மாமனார் ஒரு மதியம் விவரம் தெரியாமல் கோட்டுக்குள் பாய் விரித்துப் படுத்துவிட்டார். "மாமா, அது சோபா வர்ற இடம்" என்று நம்மவர் எழுப்பியதில், மனிதர் மறுநாள் விடிகாலை லால்பாக் எக்ஸ்பிரஸைப் பிடித்துவிட்டார்.

முயற்சி இல்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இதே ஊரில் 2012ல் தொடங்கிய அர்பன் லேடரில் ஒரு சோபாவைப் பார்த்து கார்ட்டில் போட்டு வைத்திருந்தார், நிதானமாக யோசித்து வாங்கலாம் என்று. 2020 நவம்பரில் ரிலையன்ஸ் அந்த கம்பெனியையே வாங்கிவிட்டது. "182 கோடி ரூபாய்க்கு அவங்க முடிவெடுத்துட்டாங்க. நாற்பதாயிரத்துக்கு உங்களால முடியல" என்று அவர் மனைவி இன்றைக்கும் சமயம் வாய்க்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறார். 2022 ஜூன் 22 அன்று நாகசந்திராவில் ஐகியா திறந்தது. முதல் வார இறுதியில், உள்ளே வர மூன்று மணி நேரம் ஆகும் என்று கடையே அறிவிக்கும் அளவுக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நம்மவரும் நின்றார். செடித்தொட்டி, மெழுகுவர்த்தி, பெரிய நீலப் பை ஆகியவற்றோடு வெற்றிகரமாகத் திரும்பினார். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, சில்க் போர்டு நெரிசலிலிருந்து விடிவு என்று ஊர் கொண்டாடியது. பி.டி.எம். லேஅவுட்டில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சை ரயிலுக்கு மாறினால் நாகசந்திரா என்று இவர் கொண்டாடினார். போகிறார், எல்லா சோபாவிலும் உட்கார்கிறார், கோழி மீட்பால் சாப்பிடுகிறார், வருகிறார்.

ஆனால் அவருடைய முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமானால் சிவாஜிநகர் பர்னிச்சர் கடைகளுக்கு அவரோடு போக வேண்டும். முதலில் உட்கார மாட்டார். முன்கால் ஒன்றைப் பிடித்து ஓர் ஆறு அங்குலம் தூக்குவார். அடுத்த முன்காலும் கூடவே எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது, பலமில்லை என்று அர்த்தம். (இது நல்ல சோதனை, நீங்களும் செய்து பார்க்கலாம்.) பிறகு முழங்காலை மெத்தையில் ஊன்றி அமுக்குவார்.

"ஃபோம் என்ன டென்சிட்டி?"

"முப்பத்திரண்டு சார்."

"நாற்பது இல்லையா?"

"போட்டுத் தரேன் சார், கொஞ்சம் கூட ஆகும்."

"நாற்பதுன்னா கன மீட்டருக்கு நாற்பது கிலோ இருக்கணும், தெரியுமில்ல? சட்டம் சால் மரமா?"

"சால்தான் சார்."

"துணியைப் பிரிச்சுக் காட்டுங்க."

இந்த இடத்தில் கடைக்காரர் பையனைக் கூப்பிட்டு டீ சொல்வார். தனக்கு மட்டும்.

எல்லாம் திருப்தியாக இருந்தால்தான் உட்காருவார், அதுவும் சம்மணம் போட்டு. "நம்ம ஆளு எவன் சோபாவுல காலைத் தொங்கப் போட்டு உட்கார்றான்? பத்து நிமிஷத்துல கால் மேல வந்துடும்" என்பது அவர் வாதம். இதில் நான் அவர் கட்சி. கடையில் கிடைப்பதில் இருக்கையின் ஆழம் பெரும்பாலும் 21, 22 அங்குலம். சௌகரியமாகச் சம்மணமிட 24 ஆவது வேண்டும். 24 வைத்தால் ஊரிலிருந்து வரும் அம்மாவுக்குக் கால் தரையில் எட்டாது. அம்மாவையே கேட்டார். "எதுக்குடா இந்தப் பாடு? திண்ணையில கிடக்கிற பெஞ்சை லாரியில ஏத்தி விடறேன்" என்றார் அம்மா.

கஞ்சத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. குற்றம் பாதி இந்த ஊர் மேல். வீட்டு ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. சோபாவின் வாரண்டியோ ஐந்து வருடத்துக்கு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிவைத்துக்கொண்டு, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஊரில், சோபா முதுகு சுவரில் உரசுவதைக்கூட யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. இந்த வீட்டுக்குப் பொருந்துவது இரண்டு பேர் சோபா. அடுத்து எந்த ஹாலோ! சர்ஜாபூர் ரோட்டில் எழும்பிக்கொண்டே இருக்கும் சொந்த பிளாட்டுக்கு எல்-ஷேப் வேண்டும். ஆக அவர் தேடுவது, இன்னும் குடிபோகாத வீடுகளுக்கெல்லாம் பொருந்தும் ஒரு சோபாவை. ஃபர்லென்கோ, ரென்டோமோஜோ என்று சோபாவை மாத வாடகைக்குத் தரும் கம்பெனிகள் இவரைப் போன்றவர்களை நம்பித்தான் இருக்கின்றன. அதற்கும் மசிய மாட்டார். "மூணு வருஷம் கட்டற வாடகையில சொந்தமாவே வாங்கிடலாமே!" அவர் இதைச் சொல்லி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது.

போன மாதம் நான்காவது மாடிக்காரர் சோபா வாங்கினார். லிஃப்டுக் கதவின் உயரம் இரண்டு மீட்டர், சோபாவின் நீளம் ஏழடி. நிமிர்த்தினாலும் பதின்மூன்று சென்டிமீட்டர் இடித்தது. படி வழியாகத் தூக்கியதில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. நம்மவர் டேப்போடு வந்துவிட்டார். சுமை தூக்கும் இரண்டு பேரும் மூச்சு வாங்க நிற்க, இவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு விளக்க ஆரம்பித்தார். செங்கோணமாகத் திரும்பும் தாழ்வாரத்தில் எவ்வளவு பெரிய சோபாவைத் திருப்ப முடியும் என்பது கணிதத்தில் பிரபலமான புதிர். 1966ல் லியோ மோசர் கேட்டது. 1992ல் ஜோசப் கெர்வர் ஒரு வடிவம் கண்டுபிடித்தார்: தாழ்வாரத்தின் அகலம் ஒரு மீட்டரானால் சோபாவின் பரப்பு ஏறக்குறைய 2.22 சதுர மீட்டர். அதைவிடப் பெரியது முடியாது என்று 2024 கடைசியில்தான் கொரியாவின் ஜினியான் பேக் நிரூபணம் எழுதி வெளியிட்டார். அத்தனையும் உண்மை. அவர் கெர்வருக்கு வருவதற்குள், கீழ்ப்படியில் நின்றவர் "சார், காலு பிச்சித்ரெ ஹோகுத்தே" என்றார். காலைக் கழற்றினால் போய்விடுமாம். கழற்றினார்கள், போய்விட்டது.

அன்று மாலை நம்மவர் மேலே போய் அந்த சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காபி சாப்பிட்டார். முப்பத்திரண்டு டென்சிட்டிதானாம், ஏமாந்துவிட்டார்களாம்.

பி.டி.எம்., ஜெயநகர், கோரமங்களா பக்கம் யாராவது வீடு காலி செய்து பழைய சோபாவைக் கொடுப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். நீளம் ஆறடிக்குள் இருக்க வேண்டும், கால் கழற்ற வர வேண்டும், நிறம் எதுவானாலும் சரி, பணம் கையில். தயவுசெய்து அவரிடம் பேசாதீர்கள். அவர் ஆபீஸ் போயிருக்கிற நேரமாகப் பார்த்து அவர் மனைவியிடம் சொல்லுங்கள்.