மேல்கட்டில் பயணிக்குத் தரச் சான்று கோரி ஒரு மனு

பெறுநர்: சுற்றுலாத் துறை, பாலி மாகாண அரசு, ரெனோன், டென்பசார், இந்தோனேசியா.

பொருள்: உபுட் ஊரில் எட்டுப் பேர் அறையில் மேல்கட்டிலில் படுப்பவரையும் தரமான பயணியாக ஏற்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பயணிகளின் மூன்று மாத வங்கிச் சேமிப்பைப் பார்க்கலாம் என்ற தங்கள் யோசனை.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் தீவுக்கு இனித் தரமான பயணிகள் வந்தால் போதும், அந்தத் தரத்தை அறிய அவர்களது கடைசி மூன்று மாத வங்கிச் சேமிப்பையும் பார்க்கலாம் என்று ஆளுநர் வாயான் கொஸ்தர் சொன்னதாக 2026 தொடக்கத்தில் செய்தி வந்தது. படித்ததும் தமிழ்நாட்டில் பலருக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்திருக்கும். விசாவுக்காகக் கணக்கில் பணம் காட்டும் வித்தையில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஐரோப்பாவுக்குப் போக ஷெங்கன் விசா கேட்பவர் மச்சானிடம் மூன்று லட்சம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போடுவார். ஸ்டேட்மென்ட் எடுத்து, மேனேஜரிடம் முத்திரையும் கையெழுத்தும் வாங்குவார். விசா கைக்கு வந்த மறுநாள் பணம் மச்சானிடம் திரும்பிப் போய்விடும். அதே மூன்று லட்சம் அடுத்த மாதம் மச்சானின் தம்பிக்காக இன்னொரு கணக்கில் ஏறி உட்காரும். ஆக, தாங்கள் அளக்கப் போவது பயணியின் தரத்தை அல்ல, அவருடைய மச்சானின் தாராளத்தை. 2024-இல் பாலிக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கையில் ஆஸ்திரேலியாவுக்கு அடுத்தபடி நின்றது இந்தியாதான் என்பதால், இதைச் சொல்லும் கடமையும் எங்களுக்கு இருக்கிறது.

இந்த யோசனை திடீரென்று உதித்ததில்லை. 2021 செப்டம்பரில், கொரோனாவால் விமான நிலையம் வெறிச்சோடிக் கிடந்தபோதே, அப்போதைய ஒருங்கிணைப்பு அமைச்சர் லுஹுத் பண்ட்ஜாய்த்தான், பாலி சுத்தமாக இருக்க முதுகுப்பைப் பயணிகள் வேண்டாம் என்ற பொருளில் பேசினார். வழக்கம்போல் பிறகு விளக்கமும் வந்தது. வருகிறவரே இல்லாத நேரத்தில் யார் வரக்கூடாது என்று பட்டியல் போட்ட அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அறைக்கு நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் ரூபியா கொடுப்பவர் ஊருக்கு அவ்வளவு நன்மை செய்கிறார். படுக்கைக்கு ஒன்றரை லட்சம் கொடுப்பவர் அதில் ஏறக்குறைய முப்பத்து மூன்றில் ஒரு பங்குதான் செய்கிறார் என்ற கணக்கு அது. இந்த மனுவில் நாங்கள் எதிர்ப்பது அந்த ஒரு கணக்கை மட்டுமே. பயணி எவ்வளவு கொண்டு வருகிறார் என்பதைப் பார்க்கும் தாங்கள், அதில் ஊரில் தங்குவது எவ்வளவு, அவரைத் தங்க வைக்க ஊர் இழப்பது எவ்வளவு என்பதைப் பார்க்கவில்லை.

முதலில் அந்த ஒன்றரை லட்சம் எங்கே போகிறது என்று பார்ப்போம். உபுட்டின் பழைய தங்குமிடங்களில் பல, பாலிக் குடும்பங்களின் வீட்டு வளவுக்குள்ளேயே எழுந்தவை. தெருவில் செதுக்கு வேலைப்பாடுள்ள ஒடுங்கிய வாசல். உள்ளே தனித்தனி மண்டபங்கள். எங்கள் பக்கத்து வாஸ்துக்காரரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும்படி வடகிழக்கு மூலையில் குடும்பக் கோயில். வளவின் ஒரு ஓரத்தில் கட்டிய அறைகளில்தான் நம் ஆள் படுக்கிறார். இரண்டடுக்குக் கட்டில், ஒரு திரைச்சீலை, தலைமாட்டில் ஒரு பிளக் பாயின்ட், கீழே பெட்டகம். பூட்டு அவரவர் கொண்டு வர வேண்டும். காலையில் அந்த வீட்டுப் பெண் தென்னங்குருத்தில் முடைந்த சின்னத் தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்துப் படியில் படையல் இடுவார்; முதுகுப்பைக்காரர் அதை மிதிக்காமல் தாண்டிப் போகக் கற்றுக்கொள்வார். வாழைப்பழ அடை அந்த வீட்டு அடுப்பில் வேகிறது. அழுக்குத் துணியைக் கிலோ கணக்கில் துவைத்துத் தருபவர் அடுத்த தெரு. ஸ்கூட்டர் வாடகை பக்கத்து வீட்டுப் பையனுக்கு. மத்தியானம் வாருங் என்ற சிறு சாப்பாட்டுக் கடையில் நாசி சம்பூர். அரிசி, தேங்காய், மிளகாய் எல்லாம் உள்ளூர்ச் சந்தைச் சரக்கு. சாயங்காலம் அரண்மனை முற்றத்தில் நடனம் பார்க்க டிக்கெட். அந்தப் பணம் ஆடுபவர்களின் குழுவுக்கும் ஊருக்கும் போகிறது. தொகை சின்னது, ஆனால் அது ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஐந்தாறு கை மாறிவிடுகிறது.

இனி ஐம்பது லட்சத்தைப் பின்தொடர்வோம். உணவு மேசையில் இருக்கும் ஒயினும் பாலாடைக்கட்டியும் மாட்டிறைச்சியும் கப்பலிலோ விமானத்திலோ வந்தவை. முன்பதிவுத் தளத்துக்கு ஒரு பங்கு, பெயர்ப்பலகைக்கு உரிமை பெற்ற பன்னாட்டு நிறுவனத்துக்கு ஒரு பங்கு, ஜகார்த்தாவிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்திருக்கும் முதலீட்டாளருக்கு ஒரு பங்கு. மிச்சத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. இது பொறாமையில் சொல்வதும் இல்லை. லொம்போக் கரையோரத் தீவான கிலி திராவங்கானை வைத்து மார்க் ஹாம்ப்டன் 1998-இல் எழுதிய ஆய்வும், ரெஜினா ஷைவன்ஸ் 2002-இல் எழுதிய ஆய்வும் இதே திசையில்தான் வாதிட்டன: சிறு முதலீட்டில், உள்ளூர்க்காரர் கையில், உள்ளூர்ப் பொருளைக் கொண்டு நடக்கக்கூடிய சுற்றுலா என்பதால், முதுகுப்பைப் பயணிகளை அரசுகள் இளக்காரமாகப் பார்ப்பது தவறு என்று. ஹாம்ப்டன் களமாகக் கொண்டது தங்கள் நாட்டையே. தங்கள் அலுவலகத்திலிருந்து படகில் போய்விடக்கூடிய தூரம்.

தங்கள் சொந்த வரலாறும் எங்கள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. 1966-இல் சானுர் கடற்கரையில் ஜப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்தில் பத்து மாடி பாலி பீச் ஹோட்டல் எழுந்தது. அதைப் பார்த்து மிரண்ட பிறகுதான் கட்டடம் தென்னை மரத்தைவிட உயரக் கூடாது, 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி வந்தது. தென்னையை மிஞ்சிய அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் முதுகுப்பைக்காரர்கள் இல்லை. 1971-இல் பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் ஒன்று பெருந்திட்டம் போட்டுக் கொடுத்தது. பணக்காரப் பயணிகளைத் தெற்கு முனையில் நூசா துவாவில் ஒதுக்கி வைத்துவிட்டால் கிராமங்களின் பண்பாடு கெடாது என்பது அதன் சாரம். உலக வங்கியும் கைகொடுத்தது. நூசா துவாவில் முதல் பெரிய ஹோட்டல் திறக்க 1983 ஆகிவிட்டது. அதற்குள் கூத்தாவிலும் உபுட்டிலும் சனங்கள் யாருடைய திட்டத்துக்கும் காத்திராமல் தம் வளவுக்குள் நாலு அறை கட்டி, நீள முடி ஹிப்பிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தொடங்கிவிட்டார்கள். பாலியின் சுற்றுலாவை வல்லுநர் குழு வரைபடத்தில் போட்டது. கிராமத்துக் குடும்பங்கள் நடத்திக் காட்டின. இன்று அவர்களுடைய முதல் வாடிக்கையாளரைத்தான் வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

இதற்குமுன் போய்ப் பார்த்தாலும் கதை மாறாது. உபுட்டுக்கு உலகப் பெயர் வந்தது 1930-களில். 1927-இல் வந்து குடியேறிய ஓவியர் வால்டர் ஸ்பீஸும், இரண்டு ஆண்டு கழித்து வந்த ஓவியர் ருடால்ஃப் போனேயும் உபுட் அரச குடும்பத்தோடு சேர்ந்து 1936-இல் பித்தா மஹா என்ற கலைஞர் சங்கத்தை அமைத்தார்கள். அவர்கள் வாரக் கடைசிக்கு வந்து போனவர்கள் அல்ல, ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள். பண்பாட்டுச் சுற்றுலாதான் எங்கள் கொள்கை என்று 1970-களிலிருந்து சொல்லிவரும் தாங்கள், பண்பாட்டைப் பார்க்க நேரம் வேண்டும் என்பதை மட்டும் கொள்கையில் சேர்க்க மறந்துவிட்டீர்கள். தனி வில்லாவில் மூன்று இரவு தங்குபவர் ஒரு கோயில், ஒரு ஊஞ்சல், ஒரு குரங்கு மூன்றையும் படமெடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். மலிவான கட்டில் கிடைப்பதால் மூன்று வாரம் தங்குபவருக்குத்தான் தகனச் சடங்கு ஊர்வலத்துக்காகத் தெரு மூடப்படும்போது ஒதுங்கி நிற்கவும், ஊரே மௌனமாகும் நியெப்பி நாளில் விளக்கணைத்து அறைக்குள் அடங்கிக் கிடக்கவும் வாய்ப்பு வாய்க்கிறது. (அன்று விமான நிலையத்தையே மூடிவிடும் ஊரில் பேலன்ஸ் எவ்வளவு வைத்திருந்தாலும் வெளியே போக வழியில்லை என்பது வேறு விஷயம்.)

இனி, தாங்கள் சொல்லப் போகும் மறுப்புகள். முதல் மறுப்பு ஒழுக்கம். இந்தச் சட்டைபோடாத பையன்கள் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுகிறார்கள், கோயில் மதிலில் ஏறி உட்காருகிறார்கள் என்பீர்கள். உண்மைதான், சிலர் செய்கிறார்கள், அதற்கு அபராதமும் நாடுகடத்தலும் சரியான மருந்து. ஆனால் 2022-இல் தபனான் பக்கத்தில் புனித மரத்தின் முன் ஆடையின்றிப் படமெடுத்து நாடுகடத்தப்பட்டவர் ஓர் இணையப் பிரபலம். காலிப் பைதான் கெட்ட நடத்தைக்குக் காரணம் என்றால், நிறைந்த பைகள் நடத்தும் கடற்கரைக் கிளப்புகளுக்குள் தங்கள் அதிகாரிகள் ஒரு ராத்திரி போய்ப் பார்க்கலாம்.

இரண்டாவது மறுப்பு கஞ்சத்தனம்; அதற்கு நாங்கள் பாதி தலையாட்டுகிறோம். ஐயாயிரம் ரூபியாவுக்காக மரச் சிற்பம் விற்கும் கிழவியிடம் கால் மணி நேரம் பேரம் பேசி, வென்ற கதையை இரவில் அறைத்தோழர்களிடம் சொல்லிக்கொள்ளும் இனம் ஒன்று உண்டு. அது அற்பத்தனம், எங்களிடம் அதற்கு வக்காலத்து இல்லை. ஹாஸ்டல்கள் எல்லாமே குடும்பத்தார் நடத்துபவையும் அல்ல. வெளிநாட்டுப் பணத்தில், உள்ளூர்ப் பெயரில் பத்திரம் போட்டு நடப்பவையும் இருக்கின்றன. அப்படியானால் ஆராய வேண்டியது யார் பெயரில் எந்தப் பணம் கட்டியது என்பதை. அது தங்கள் பதிவு அலுவலக அலமாரியில் கிடைக்கும், பயணியின் பாஸ்புக்கில் கிடைக்காது. பெரிய ஹோட்டல்கள் ஒழுங்காக வரி கட்டுகின்றன, சின்னவை ஏய்க்கின்றன என்பது இதன் தம்பி மறுப்பு. வரி வசூலிக்க முடியாத குற்றத்துக்கு விருந்தாளியைத் தண்டிக்கும் முறை எங்கும் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாவதும் கனமானதும் இடநெருக்கடி. 2024-இல் அறுபத்து மூன்று லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். தலை எண்ணிக்கையைக் குறைத்து, தலைக்கு வரும் தொகையைக் கூட்டினால் தீவு மூச்சுவிடும் என்கிறீர்கள். நல்ல நோக்கம். ஆனால் தீவின் கழுத்தை நெரிப்பது தலைகளா, கட்டடங்களா? எட்டுப் பேருக்கு இரண்டு கழிப்பறையும் ஒரு மின்விசிறியும் போதும் என்றிருக்கும் அறைக்கும், இரண்டு பேருக்காக நீச்சல் குளம், புல்வெளி, நாள் முழுக்க ஓடும் ஏசி என்று விரியும் வில்லாவுக்கும் நிலத்திலும் நீரிலும் என்ன வித்தியாசம் என்பதைக் கணக்குப் போட ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சுபாக் பாசன முறையை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தது. அதன் வயல்களைத் தின்று வளர்வது வயல்காட்சி வில்லாக்கள். காட்சிக்காக வாங்கி, காட்சியையே அழிக்கும் வியாபாரம் அது. 2025 செப்டம்பர் வெள்ளத்தில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, விளைநிலத்தில் ஹோட்டல், உணவகம் கட்ட இனி அனுமதி இல்லை என்று ஆளுநரே அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் நூசா பெனிடாவின் கெலிங்கிங் பாறையில் அந்நிய முதலீட்டில் எழுந்துகொண்டிருந்த 182 மீட்டர் கண்ணாடி லிஃப்டையும் இடிக்கச் சொன்னார். இரண்டையும் மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த லிஃப்டை யாரை நம்பிக் கட்டினார்கள்? பாறையில் படியிறங்க அலுக்காத முதுகுப்பைக்காரரை நம்பியா? தங்கள் வலது கை இடிக்கச் சொன்ன பொருளுக்கான வாடிக்கையாளரைத்தான் தங்கள் இடது கை வங்கிக் கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுக்கப் போகிறது.

போகிற போக்கில் ஒன்று. 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டவர் ஒவ்வொருவரிடமும் 1,50,000 ரூபியா வரி வாங்குகிறீர்கள். ஹாஸ்டல்காரருக்கு அது ஏறக்குறைய ஓர் இரவுப் படுக்கை. வில்லாக்காரருக்கு ஒரு குவளை பானம். ஏழையையும் பணக்காரரையும் தங்கள் அரசு சமமாக நடத்தும் இடம் இது ஒன்றுதான் போலிருக்கிறது. தரம் பார்ப்பதானால் இங்கே பார்த்திருக்கலாமே? படுக்கைக்குக் குறைவாகவும், தனிக் குளத்துக்கு அதிகமாகவும் வைத்தால் எந்தப் பாஸ்புக்கையும் புரட்டாமலேயே தங்கள் நோக்கம் நிறைவேறும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எளியவை. குடியேற்றப் படிவத்தில் சேமிப்பு எவ்வளவு என்ற கேள்வி சேர்வதாக இருந்தால், அதை எடுத்துவிட்டு மூன்று கேள்விகள் போடுங்கள்: எத்தனை இரவு தங்குகிறீர்கள், எத்தனை பேர் ஓர் அறையில், அந்த அறையின் சொந்தக்காரர் எந்த ஊர்? வீட்டு வளவுக்குள் நடக்கும் தங்குமிடங்களைத் தனியாகப் பதிவு செய்து, அவற்றுக்கு உரிய வரியை விதித்து, தண்ணீரையும் கொடுங்கள். பயணிகளிடம் வாங்கிய வரியில் எவ்வளவு எந்தக் கிராமத்துக்குப் போனது என்பதை ஒவ்வோர் ஆண்டும் மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். இவற்றைச் செய்த பிறகும் பாஸ்புக் பார்த்தே தீர வேண்டும் என்றால், வருகிறவருடையதை விட்டுவிட்டு, வயலில் வில்லா கட்ட அனுமதி கேட்டு வருகிறவருடையதை முதலில் வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மச்சானிடம் இன்னும் கைமாற்று கேட்காத,
ஒரு தமிழ்ப் பயணி.