மயில்கழுத்துச் சுவர்

நம் ஊரில் வீட்டுக்குள் அடிக்க அனுமதிக்கப்பட்ட நிறங்கள் மூன்று: சந்தனம், வெளிறிய சந்தனம், பால் ஊற்றிய சந்தனம். வாசலுக்கு வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். ரோஸ், ஆரஞ்சு, வயலட் மூன்றையும் ஒரே பால்கனியில் பூசியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஹாலுக்குள் போய்ப் பாருங்கள், சந்தனம்தான். எனக்கு இந்தச் சந்தனக் காப்பில் பக்தி குறைவு. டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு மயில்கழுத்துப் பச்சை என்று அறிவித்தேன்.

ஷேடு கார்டில் அது தபால்தலை அளவுக் கட்டம். அதை நம்பாத மனைவி, தன் காஞ்சிபுரம் புடவையையே பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தாள். புடவைக்கு மேட்சாக ரவிக்கைத் துணி கேட்பவர்களைத் தெரியும், சுவர் கேட்பவர்களைக் கடைக்காரர் பார்த்ததில்லை போலும். ஒன்றும் பேசாமல் மெஷினில் கலந்து, குலுக்கிக் கொடுத்தார்.

மேஸ்திரி டப்பாவைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"அவங்க புடவைக் கலர்தான் மேஸ்திரி."

முதல் கோட்டு திட்டுத் திட்டாகக் காய்ந்தது. இதற்குக் காரணம் உண்டு. அடர்ந்த நிறங்களுக்கான பேஸில், அடியில் இருப்பதை மறைக்கும் வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்ஸைடு மிகக் குறைவு. அதைக் கூட்டினால் பச்சை வெளிறிவிடும். அதனால் மூன்றாவது கோட்டு வரை பழைய சந்தனம் எட்டிப் பார்த்தது.

"ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு மாப்ளே" என்றார் மாமனார். 1914-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசுகிறதென்று, ரத்தச் சிவப்புக்கு எதிர்நிறமான கீரைப் பச்சைக்கு மாறிய கதையை அவருக்கு விளக்கினேன். "அப்ப நான் சொன்னது சரிதானே" என்று நாற்காலியைச் சுவருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டுப் பெரியவர், "பசுமை வீடு திட்டமா தம்பி?" என்று கேட்டார். 2011-ல் அரசு அறிவித்த அந்தத் திட்டத்தில் 300 சதுர அடி வீடும் சோலார் விளக்கும் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது பசுமை மட்டும்.

யாரும் எச்சரிக்காத விஷயம், பல்லி. சந்தனச் சுவரில் சந்தன நிறப் பல்லிகள் தலைமுறை தலைமுறையாக வாடகை தராமல் குடியிருந்திருக்கின்றன. பச்சை வந்ததும் வால் நுனி வரை தெரிய ஆரம்பித்துவிட்டன. மனைவி அலறினாள். அம்மாவுக்கோ பரம சந்தோஷம். இதுவரை பல்லி எந்தத் திசையிலிருந்து சொன்னது என்று குத்துமதிப்பாகத்தான் பலன் பார்த்துவந்தார். இப்போது தென்கிழக்கா, நேர் கிழக்கா என்று பஞ்சாங்கத்தோடு வந்து சரிபார்க்கிறார்.

மற்றபடி, கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்த சந்நியாசியின் கதைதான். சுவரின் தயவில் மெரூன் திரைச்சீலை ஒரே நாளில் அசிங்கமாகிவிட்டது. திரை மாறியதும் சோபா உறை மாறியது. உறை மாறியதும் சோபாவே பழசு என்று தெரிந்தது. மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டரையும் கழற்றலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன்.

"அதுல கை வைக்காதே" என்றார் அம்மா. "முருகன் பின்னாடி என்ன நிக்குதுன்னு பாரு. அதுவும் மேட்ச்தான்."