கப்பலோட்டாத தமிழர்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கலியாணக் காட் கொடுக்கப் புறப்படுகிறவர்கள் இவர் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. மாமி கதவைத் திறந்து, "மாமா கீழ பேஸ்மென்ற்றில நிக்கிறார், ஒருக்கா எட்டிப் பார்த்திட்டு வாங்கோ" என்பார். அதை நம்பி இறங்கியவர்கள் அன்றைக்கு வேறு எந்த வீட்டுக்கும் காட் கொடுத்ததில்லை.

கப்பல் மாமா என்று வைத்துக்கொள்வோம். இவர் ஒருவரல்லர். வேலையை விட்டுப் பென்ஷன் எடுத்ததும் ரீவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாரே என்று பிள்ளைகள் கவலைப்பட்டு, தந்தையர் தினத்துக்கு மரக்கப்பல் கட்டும் பெட்டி வாங்கிக் கொடுத்த வீடுகளிலெல்லாம் இருக்கிறார். பெட்டிக்குள் மெல்லிய பலகைகள், பித்தளைத் துண்டுகள், நூல் உருண்டைகள், விரித்தால் கட்டிலை மூடும் வரைபடம். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரீவி பார்ப்பவர் மாமி.

மாமா கட்டுவது புளூநோஸ். 1921 மார்ச்சில் நோவா ஸ்கோஷியாவின் லூனன்பேர்க்கில் கடலில் இறக்கிய மீன்பிடி ஸ்கூனர். இரண்டு பாய்மரம். சட்டைப்பையில் பத்துச் சதம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். "உங்கட பொக்கெற்றிலயும் இந்தக் கப்பல் கிடக்குது தம்பி, ஒருநாளாவது பார்த்தனீரோ?" 1937 முதல் கனடாவின் பத்துச் சதத்தில் ஓடுவது அதுதான். கப்பலை வரைந்த வில்லியம் ரூவே ஹாலிஃபாக்ஸில் சோடா வியாபாரம் செய்த குடும்பத்தவர், கப்பல் வரைய யாரிடமும் போய்ப் படிக்காதவர் என்பதில் மாமாவுக்குத் தனி மகிழ்ச்சி. "சோடாக்காரன் கப்பல் வரையலாமெண்டா, ஃபக்ரறிக்காரன் கட்டக்கூடாதோ?"

ஏரா வைத்து, வங்குக்கால் நிறுத்தி, மாமியின் புட்டுப்பானை ஆவியில் பலகை வளைத்து ஒட்டியதெல்லாம் ஒரு குளிர்காலத்தோடு முடிந்துவிட்டது. புட்டில் அதற்குப் பிறகு கொஞ்சநாள் வால்நட் மர வாசம் அடித்தது, அவ்வளவுதான். கயிறு வேலை தொடங்கிய பிறகுதான் மாமாவின் சுயரூபம் தெரிந்தது.

பாய்மரத்தை அசையாமல் பிடித்து நிற்கும் கயிறுகள் தார் பூசியவை. ஆகவே கறுப்பு நூல். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளுக்கு வெளிர்நிற நூல். இந்த வித்தியாசம் தெரியாத குடும்பத்தில் மாமா சம்பந்தம் செய்ய மாட்டார். நூலை முதலில் தேன்மெழுகில் இழுக்க வேண்டும். பிசிறு போக மெழுகுதிரிச் சுவாலைக்கு மேலால் ஒரே வீச்சில் கொண்டுபோக வேண்டும். வீச்சு அரை விநாடி தாமதித்தால் நூல் இரண்டாகும், மேலே புகை அலாரம் அடிக்கும், மாமி துவாயால் விசிறிக்கொண்டு ஓடுவார்.

பாய்மரத்தின் இருபக்கமும் கீழே இறங்கும் கயிறுகளின் அடியில், மிளகளவு மர வட்டுகள் இரண்டிரண்டாக. ஒவ்வொன்றிலும் மூன்று துளை. அவற்றினூடாக நூலைக் கோத்து இறுக்க வேண்டும். எல்லா வட்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இடப்பக்கம் இறுக்கினால் பாய்மரம் இடப்பக்கம் சாயும். வலப்பக்கம் ஒன்றை இறுக்கினால் அதே பக்கத்தில் முன்பு கட்டியதெல்லாம் தொய்யும். கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்தவருக்கு இது புதிதில்லை என்றாலும் மாமாவுக்கு வியர்க்கும். சரியாக அந்த நேரத்தில் மேலிருந்து, "இஞ்சருங்கோ, சோறு ஆறுது."

"ஒரு முடிச்சு!"

ஒரு முடிச்சு என்பது ஒன்றரை மணித்தியாலம். மாலுமிகள் ஏறும் ஏணிக்கயிற்றில் குறுக்குக் கயிறு சந்திக்கும் இடந்தோறும் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுக்குப் பதில் ஊசியால் குத்தி நூலைச் செருகி ஒரு சொட்டுப் பசை வைத்தால் பார்க்கிறவருக்குத் தெரியாது. "எனக்குத் தெரியுமே" என்பார் மாமா, கண்ணகியைப் பற்றிப் பேசும் குரலில். மகளின் புருவம் பிடுங்கும் ட்வீஸரைக் காணோமென்று வீடு முழுக்கத் தேடியபோதும் இதே நேர்மையோடு வாய் திறக்காமல் இருந்தார்.

பாய் மட்டும் கட்டவில்லை. அறுபத்து நாலில் ஒரு பங்கு அளவுக்கு எந்தத் துணியும் தடிப்பாகத்தான் தெரியும், பாய் விரித்தால் இத்தனை மாதக் கயிறு வேலையும் மறைந்துவிடும் என்பது அவர் வாதம். நியாயந்தான். "பாயில்லாமல் இது எங்க போறது?" என்று மாமி கேட்டதும் நியாயந்தான்.

கப்பலை நிறுத்தும் பித்தளைத் தூண்களுக்கு ஏராவில் துளை போடுவது கயிறு கட்டுமுன்பே செய்ய வேண்டிய வேலை. இந்த வகையினர் பெரும்பாலும் செய்வதில்லை. பிறகு மருமகனை வரவழைத்து, கட்டி முடிந்த கப்பலைத் தலைகீழாகப் பிடிக்க வைத்து, "மூச்சு விடாதையும்" என்று சொல்லித் துளை போடுவார்கள். கனடாவில் மருமகன்மாருக்கு வரும் சோதனைகளில் ஸ்நோ வழிப்பதற்கு அடுத்தது இது.

எங்கே வைப்பது என்பதில் ஒரு மாதம் போனது. ஜன்னலோரம் வெயிலில் நூல் வெளுக்கும். ஹோலில் பேரப்பிள்ளை ஓடும். மூடாமல் வைத்தால் தூசி. ஏணிக்கயிற்றில் படிந்த தூசியைத் தட்ட எந்தத் தூரிகையாலும் முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குக் கேட்ட விலை கப்பலின் விலையைத் தாண்டியது. கடைசியில் மாமியின் ஷோகேஸில் இடம் கிடைத்தது. மாமியின் பீங்கான் செற் இப்போது பேஸ்மென்ற்றில்.

காட் கொண்டுவந்தவருக்கு இனித்தான் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கதை. அங்கே கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பலை நம்மவர்கள் அமெரிக்கா வரை கொண்டுபோனார்கள். 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்ட்டர் துறைமுகத்தை அடைந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அந்தக் குளோஸ்ட்டரின் ஜெர்ட்ரூட் தீபோவைக் கடைசிப் பந்தயத்தில் வென்றது புளூநோஸ். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரு முடிச்சாகப் போட்டுவிட்டு மாமா உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

"அன்னபூரணியில உங்கட அப்பப்பாவும் போனவரோ, மாமா?"

"போகேல்லை. ஆனால் போயிருக்க வேண்டிய ஆள்."

மாமா மட்டும் ரொறன்ரோத் தீவுக்குப் போகும் படகில் ஏற மாட்டார். கால் மணி நேரப் பயணம், ஏரித் தண்ணீர், அலையென்று சொல்லவும் ஒன்றுமில்லை. போன கோடையில் பேரப்பிள்ளையின் பிடிவாதத்துக்கு ஏறியவர், போகும்போதும் வரும்போதும் மாமியின் ஹான்ட்பேக்கைத் திறந்து மடியில் வைத்திருந்தார்.

இந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கப்பலைத் தொட வேண்டாம். "இது தண்ணியில மிதக்குமோ?" என்று கேட்கவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒன்று: அடுத்த தந்தையர் தினத்துக்கு இன்னொரு கப்பல் வாங்காதீர்கள், அவரே வாங்கிப் படிக்கட்டுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறார். நல்ல நூலாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். பெட்டியோடு வருவதில் பிசிறு அதிகம்.