தோமையார் மேலேயே சந்தேகமா?

கேள்வி: சென்னைக்குப் போனால் சாந்தோமில் தோமையார் கல்லறையைக் கும்பிட்டு வரச் சொல்கிறார் அம்மம்மா. இயேசுவின் அப்போஸ்தலர் அங்கே வந்தது மெய்தானா?
- ஒரு வாசகர், நாவற்குடா

பதில்: இயேசு உயிர்த்தெழுந்ததை அவர் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் தோமையார், நீங்கள் சந்தேகப்பட்டால் கோபிக்கமாட்டார். கி.பி. 52இல் கேரளத்தில் இறங்கி, 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது மரபு. கல்வெட்டுச் சான்று கிடையாது. இன்னொரு கதையும் உண்டு: கொண்டோபரஸ் என்ற மன்னன் மாளிகை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமையார் ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, 'மாளிகை சொர்க்கத்தில் இருக்கிறது' என்றாராம். இன்றைய கொந்தராத்துக்காரர்கள் பணத்தை விழுங்குவதோடு சரி! அந்த மன்னனின் நாணயங்கள் கிடைத்துள்ளன. ஆனால் அவன் ஆண்டது இந்தியாவின் வடமேற்கில். கல்லறை சாந்தோமில், எலும்புகளோ 1258 முதல் இத்தாலியின் ஒர்தோனாவில் என்கிறார்கள். ஆராய்ச்சியை அறிஞர்களிடம் விடுங்கள். அம்மம்மா சொல்லைத் தட்டாதீர்கள்.